பொன் முகமூடியும் கேமராவும்: 1957 ‘ஈடிபஸ்’ படத்தைப் பார்த்தவர்கள் பற்றி ஓர் ஆய்வு

டைரோன் கத்ரி இயக்கிய ‘ஈடிபஸ் ரெக்ஸ்’ படத்தை வேறு வேறு நாட்களில், வேறு வேறு ஆட்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்று சிரிப்பு வருகிறது, இல்லையென்றால் அச்சம் வருகிறது. நடிகர்கள் எல்லோரும் முகமூடி போட்டிருக்கிறார்கள். ராஜாவுக்குப் பொன்முகம். ராணி யொகாஸ்தாவுக்கு வெள்ளி. அவள் சகோதரன் கிரியோனுக்கு வெண்கலம். ஊர் மக்களாக வரும் கோரஸுக்கு மண் நிறங்கள். வாய் அசையாது, புருவம் அசையாது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. நான் முதல் தடவை தனியாக, மடிக்கணினியில் பார்த்தேன். கால் மணி நேரத்தில் மூடி வைத்துவிட்டேன்.

இந்த எதிர்வினையை ‘பழைய நாடகம், பழகாதவர்களுக்குப் புரியாது’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிரித்தவர்கள் சரியான ஒன்றைத்தான் கண்டுகொண்டார்கள். முகமூடி தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்த பொருள். கேமரா அதைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த இடறலில்தான் சிரிப்பு பிறக்கிறது. ஆனால் அதே ஆட்கள் படத்தின் கடைசி அரை மணி நேரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய நாடகம் இது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய். முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் துரத்தினால்தான் நோய் தீரும் என்று டெல்ஃபி கோயிலிலிருந்து வாக்கு வருகிறது. ஈடிபஸ் மன்னன் விசாரணையைத் தொடங்குகிறான். கொன்றவன் தானே என்பதும், கொல்லப்பட்டவர் தன் தந்தை என்பதும், தான் மணந்திருப்பது தன் தாயை என்பதும் ஒரே நாளில் வெளியே வருகின்றன. யொகாஸ்தா தூக்கிட்டுக்கொள்கிறாள். அவள் ஆடையில் இருந்த ஊசிகளை எடுத்து ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

கூடாரத்திலிருந்து ஸ்டூடியோவுக்கு

இந்தப் படம் முதலில் படமாகப் பிறந்ததல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற சிறு ஊரில் 1953-ல் ஒரு நாடக விழா தொடங்கியது. கட்டடம் இல்லை, பெரிய கூடாரம்தான். அதன் முதல் கலை இயக்குநர் கத்ரி. மேடையை வடிவமைத்தவர் தான்யா மொய்செவிச். மேடை பார்வையாளர்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் ஆட்கள். நடிகரைப் பார்க்கும்போதே எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகமும் கண்ணில் படும். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1954-ல் அங்கே ‘ஈடிபஸ்’ அரங்கேறியது. அப்போது ஈடிபஸாக நடித்தவர் திரைப்பட நட்சத்திரம் ஜேம்ஸ் மேசன். மறு ஆண்டு டக்ளஸ் காம்ப்பெல் அந்த வேடத்தை ஏற்றார், 1957-ல் வந்த படத்திலும் அவர்தான். முகமூடிகளும் மொய்செவிச் செய்தவையே. நடிகர்களின் தலையைவிடப் பெரியவை. அடித்தட்டு உயர்ந்த காலணிகள் வேறு. கத்ரிக்கு இதில் ஓர் அழுத்தமான நம்பிக்கை இருந்தது. தேவாலயத்தில் அப்பமும் ரசமும் எடுக்கும் பாதிரியார் தன்னைக் கிறிஸ்துவாகக் காட்டிக்கொள்வதில்லை, நடந்த ஒன்றை நினைவுகூர்கிறார். நடிகனும் அப்படித்தான், தானே ஈடிபஸ் என்று யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை என்றார். நாடகம் அவருக்கு ஒரு சடங்கு. முகமூடி அந்தச் சடங்கின் உடை.

வசனம் கவிஞர் யேட்ஸ் எழுதியது. டப்ளினின் ஆபி தியேட்டரில் 1926-ல் முதலில் மேடையேறிய ஆங்கில வடிவம் அது. இங்கிலாந்தில் இந்த நாடகத்துக்கு 1910 வரை தணிக்கை அதிகாரி அனுமதி தரவில்லை. தாயை மணந்தவன் கதை பொதுமேடைக்கு ஆகாது என்பது காரணம். அயர்லாந்தில் அந்த அதிகாரியின் கை எட்டாது என்பதால் தடை இருந்த காலத்திலேயே யேட்ஸ் இதன்மேல் கண்வைத்திருந்தார். உரையாடலை உரைநடையிலும் கோரஸ் பாடல்களைக் கவிதையிலும் அமைத்து, நிறைய வெட்டிச் சுருக்கினார். வாயில் சொல்ல வராத சொல் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அதனால்தான் முழுப் படமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு ‘கிரேக்கர்கள் இப்படித்தான் நடித்தார்கள்’ என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு திருத்தம். முகமூடி போட்டு நடித்தது உண்மை. ஆனால் பெருத்த தலையும் உயர்ந்த காலணியும் சோஃபக்ளீஸ் காலத்துக்குப் பின்னால், மகா அலெக்சாந்தருக்குப் பிந்தைய ஹெலனிய காலத்திலும் ரோமர் காலத்திலும் வந்தவை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ப்ரோனோமஸ் ஜாடி என்று ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 400-ஐச் சேர்ந்தது. அதில் நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்து நிற்கிறார்கள். இயல்பான மனித முகத்தின் அளவு, இயல்பான சாயல். கத்ரியின் பொன்முகம் இருபதாம் நூற்றாண்டின் கற்பனை. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. பார்த்தவர்கள் அஞ்சியதும் சிரித்ததும் ஏதென்ஸைப் பார்த்து அல்ல, மொய்செவிச்சின் கைவேலையைப் பார்த்து என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

என்னென்ன குறை சொன்னார்கள்

என்னோடு பார்த்தவர்கள் சொன்னதைத் தொகுத்தால் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்பது ஒன்று. கூட்டக் காட்சிகளில் இது நியாயமான புகார். உதடு அசையாதபோது குரல் எந்த உடம்பிலிருந்து வருகிறது என்று கண் தேடுகிறது. மேடையில் இதற்கு வழி உண்டு. பேசுபவர் அசைவார், மற்றவர்கள் அசையாமல் நிற்பார்கள், குரல் வரும் திசையைக் காது சொல்லிவிடும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரலுக்குத் திசை இல்லை.

ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்பது இன்னொன்று. காம்ப்பெல்லின் குரல் கூடாரத்தின் கடைசி வரிசை வரை போகப் பழகிய குரல். ஸ்டூடியோ மைக்குக்கு அது அதிகம்தான். இதை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது: ‘முகத்தைப் பார்க்காமல் எப்படி ஒட்டுவது?’ சினிமா நமக்குக் கற்றுத்தந்தது அது. ஒருவருடைய மனம் உடைகிறதென்றால் கேமரா அவர் கண்ணருகே போக வேண்டும், கண் கலங்க வேண்டும், நாமும் கலங்க வேண்டும். இந்தப் படத்திலோ அருகே போன இடத்திலும் வர்ணம் பூசிய முகமூடிதான் இருக்கிறது. கிரேக்க மொழியில் முகத்துக்கும் முகமூடிக்கும் ஒரே சொல், ‘ப்ரோசோபான்’. அவர்களுக்கு முகமூடி என்பது எதையோ மறைக்கும் பொருளாகப் படவில்லை போலும். எதிரே தெரிவது எதுவோ அதுதான் முகம். நமக்கு அப்படி இல்லை. முகமூடி என்றதுமே அதற்குப் பின்னால் ‘நிஜ’ முகம் ஒன்று இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறோம்.

இந்தத் தேடலுக்கு இன்று ஒரு புது வடிவமும் வந்திருக்கிறது. பிற்காலத்தில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கேப்டன் கிர்க்காகப் புகழ்பெற்ற வில்லியம் ஷாட்னர் அப்போது ஸ்ட்ராட்ஃபோர்ட் குழுவில் இருந்தார். இந்தப் படத்தின் கோரஸில் முகமூடிக்குள் அவரும் இருக்கிறார். இது தெரிந்ததும் என் நண்பர் ஒருவர் படத்தை நிறுத்தி நிறுத்தி ‘இதுவா அவர், அதுவா’ என்று தேடத் தொடங்கிவிட்டார். கதை எங்கேயோ போய்விட்டது. யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகவே போட்ட முகமூடி அது. இனிமேல் யாருக்குக் காட்டினாலும் இந்தத் தகவலைப் படம் முடிந்த பிறகுதான் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வெள்ளி முகம்

சிரிப்பு நின்ற இடத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். கொரிந்திலிருந்து தூதன் வருகிற காட்சி.

அவன் நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு வருகிறான். ஈடிபஸ் தன் தந்தை என்று நினைத்திருந்த கொரிந்தின் மன்னர் பாலிபஸ் இறந்துவிட்டார், ஈடிபஸ் அங்கேயும் மன்னனாகலாம் என்கிறான். ஈடிபஸுக்கு ஒருவகையில் நிம்மதி. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று முன்பு அவனுக்குச் சொல்லப்பட்ட வாக்கில் பாதி பொய்த்துவிட்டது. ஆனால் தாய் உயிரோடு இருக்கிறாளே என்று தயங்குகிறான். அந்தப் பயம் வேண்டாம், அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை என்று தூதன் ஆறுதலாகச் சொல்கிறான். குழந்தையாக இருந்தபோது உன் கணுக்கால்களில் துளையிட்டுக் கட்டியிருந்தது, நான்தான் அவிழ்த்தேன், லாயஸின் ஆள் ஒருவன்தான் உன்னைக் கொடுத்தான் என்கிறான். ஈடிபஸ் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே போகிறார்கள்.

பக்கத்தில் யொகாஸ்தா நிற்கிறாள். நாடகப் பிரதியைப் பார்த்தால் இந்த நீண்ட உரையாடல் முழுவதிலும் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. அதற்கு முன்புவரை பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இந்தக் காட்சியை என் சித்தியோடு பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுநடுவே நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த இடத்தில் தூதன் பேச்சை மொழிபெயர்ப்பதில் எனக்கு ஒரு தடுமாற்றம், நின்றுவிட்டேன். சித்தி திரையைப் பார்த்தபடியே, “அந்த வெள்ளி முகத்துக்காரிக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். எப்படித் தெரிந்தது சித்தி என்று கேட்டேன். “அவ பேச்சை நிறுத்திட்டா இல்ல?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இனி அவ இருக்க மாட்டா” என்றார்.

முகமூடியில் எதுவும் மாறவில்லை. மாற முடியாது. அதே வெள்ளி, அதே வளைந்த புருவம். ஆனால் சித்தி அதில் ஓர் அறிவைப் பார்த்தார். தன் மனதில் இருந்ததை எடுத்து அங்கே வைத்தார் என்று சொல்லலாம். ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. சலனமில்லாத ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் உணவுக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசியாகவும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துயரமாகவும் பார்த்தவர்கள் படித்தார்கள் என்பார்கள். முகமூடி செய்யும் வேலையும் இதுவே. நடிகை அழுதுகாட்டியிருந்தால் சித்தி அவளுக்காக இரங்கியிருப்பார். அழாததால் அவளுக்கு முந்தி யோசித்துவிட்டார்.

இதே காட்சியில்தான் படம் மேடையிடம் தோற்கவும் செய்கிறது. கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர், ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, தன் விருப்பப்படி யொகாஸ்தாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாம். படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை வெட்டும் கை முடிவு செய்கிறது. அவள் நிற்கிறாள் என்பது சட்டகத்துக்கு உள்ளே இருந்தால்தான் நமக்கு நினைவிருக்கும்.

காதால் பார்த்தது

ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொள்வது மேடையில் நடப்பதில்லை. அரண்மனைக்குள்ளிருந்து ஒருவன் வந்து சொல்கிறான்: கதவை உடைத்தோம், அவள் தொங்கிக்கொண்டிருந்தாள், அவன் கயிற்றை அவிழ்த்துக் கிடத்தினான், ஊசிகளைப் பிடுங்கினான். கத்ரியின் படத்திலும் அந்த மரபு காக்கப்பட்டிருக்கிறது. சொல்பவர் டக்ளஸ் ரெயின்.

இந்தப் பேச்சு முடியும்வரை யாரும் அசைந்து நான் பார்த்ததில்லை. முகமூடி பற்றிய மூன்று குறைகளும் இங்கே காணாமல் போகின்றன. யார் பேசுகிறார் என்ற குழப்பம் இல்லை, ஒருவர்தான் பேசுகிறார். முகம் தேவையில்லை, ஏனென்றால் நடந்தது அவர் முகத்தில் இல்லை. வேறோர் அறையில், கேட்பவரின் மனதில் நடக்கிறது. ‘கவிதையியல்’ நூலில் அரிஸ்டாட்டில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்: கதை நன்றாக அமைந்தால், கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டாலே உடம்பு நடுங்க வேண்டும். அதற்கு அவர் காட்டும் உதாரணமும் ஈடிபஸின் கதைதான்.

இதே டக்ளஸ் ரெயின் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1968-ல், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் ஹால் 9000 என்ற கணினிக்குக் குரல் கொடுத்தார். முகமே இல்லாத, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கொண்ட பாத்திரம். அந்தக் குரலைக் கேட்டு அஞ்சிய கோடிக்கணக்கானவர்களில் பலர், அவர் ஏற்கெனவே முகமில்லாமல் பேசிக் கேட்பவரை உறையவைத்தவர் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். எனக்கு இதைக் கண்டுபிடித்த நாளில் அத்தனை மகிழ்ச்சி.

வேறு வழியில் போனவர்களையும் பார்த்துவிடலாம். 1968-ல் ஃபிலிப் சாவில் இதே நாடகத்தைக் கிரேக்க நாட்டின் டொடோனாவில் உள்ள பழைய அரங்கின் இடிபாடுகளிலேயே எடுத்தார். கிறிஸ்டஃபர் பிளம்மர் ஈடிபஸ், ஆர்சன் வெல்ஸ் குருட்டுத் தீர்க்கதரிசி தைரேசியஸ். முகமூடி இல்லை. பார்ப்பதற்கு இலகு. ஆனால் கண்ணில் நிற்பது கல்படிகளும் வெயிலும் வெல்ஸின் உருவமும்தான். லண்டன் நேஷனல் தியேட்டரில் பீட்டர் ஹால் 1981-ல் ஈஸ்கிலஸின் ‘ஒரெஸ்டியா’வை முகமூடியோடு, ஆண்களை மட்டும் வைத்து அரங்கேற்றினார், டோனி ஹாரிசனின் மொழிபெயர்ப்பு. 1982-ல் எபிடாரஸ் பழைய அரங்கிலும் நடந்தது, 1983-ல் சேனல் 4 தொலைக்காட்சியில் வந்தது. ஹாலிவுட் முகங்களை வைத்து எடுத்ததைவிட அந்தப் பதிவுதான் கத்ரியின் படத்துக்கு உண்மையான வாரிசு என்பேன். அதிலும் அதே சிக்கல்தான்: ஆயிரக்கணக்கானவர்களுக்கான முகமூடி, வரவேற்பறைப் பெட்டிக்குள்.

கூட அழுதவர்கள்

தனியாகப் பார்த்தபோது ஏன் கால் மணி நேரத்தில் மூடினேன், மற்றவர்களோடு பார்த்தபோது ஏன் முடியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பழைய சான்றுகள் இதற்கு உதவுகின்றன.

கிரேக்கத் துன்பியல் நாடகத்துக்குப் பார்வையாளர்கள் எப்படி எதிர்வினையாற்றினார்கள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியது. பாரசீகர்கள் கி.மு. 494-ல், ஏதென்ஸோடு உறவுள்ள மிலேட்டஸ் நகரத்தை அழித்தார்கள். நாடகாசிரியர் ஃப்ரினிக்கஸ் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. ஏதென்ஸ்காரர்கள் அவருக்கு ஆயிரம் த்ராக்மா அபராதம் போட்டு, இனி யாரும் அந்த நாடகத்தை நடத்தக் கூடாது என்று தடை செய்தார்கள். சொந்தத் துயரத்தை நினைவூட்டிவிட்டாராம். ஃபெராய் நகரத்துக் கொடுங்கோலன் அலெக்சாந்தரைப் பற்றி புளூட்டார்க் சொல்வது வேறுவகை. யூரிப்பிடிஸின் ‘டிராய் பெண்கள்’ நாடகத்தின் நடுவில் அவன் எழுந்து போய்விட்டான். நடிப்பு சரியில்லை என்பதால் அல்ல. தான் கொன்ற எவருக்காகவும் கலங்காதவன் அந்த நாடகத்தின் பெண்களான ஹெகுபாவுக்கும் அந்த்ரோமகேக்கும் அழுவதை ஊர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

ஊர் பார்த்துவிடும். அங்கேதான் விஷயம். பகல் வெளிச்சத்தில், வளைந்த படிகளில், ஒருவர் அழுவதை எதிர்ப் பக்கத்தவர் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார்கள். கத்ரி கூடாரத்தில் மூன்று பக்கமும் ஆட்களை உட்காரவைத்தபோது அதில் ஒரு பங்கையாவது மீட்டுக்கொண்டுவந்தார். 1957-ல் படம் வந்தது; அதே ஆண்டு கூடாரம் போய் நிரந்தரக் கட்டடம் எழுந்தது, நீண்ட மேடை மட்டும் அப்படியே தொடர்ந்தது. படத்தில் அந்த எதிர்ப் பக்கத்து முகங்கள் இல்லை. முகமூடி அணிந்தவனின் முகம் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. கூடப் பார்ப்பவரின் முகம் இல்லாததுதான் குறை. சித்தியும் நண்பர்களும் பக்கத்தில் இருந்தபோது அது ஓரளவு நிரம்பியது. இப்போதெல்லாம் இந்தப் படத்தைப் போடும்போது அறை விளக்கை அணைப்பதில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஏதென்ஸில் இந்த நாடகம் முதலில் நடந்தபோது முதல் பரிசு கிடைக்கவில்லை. ஈஸ்கிலஸின் சகோதரி மகனான ஃபிலோக்ளீஸுக்கு அது போயிற்று, சோஃபக்ளீஸுக்கு இரண்டாம் இடம். ஃபிலோக்ளீஸின் நாடகங்களில் ஒன்றுகூட முழுதாக இன்று நம்மிடம் இல்லை. அன்றைக்குப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் அப்படித் தீர்மானித்தார்கள் என்று நினைத்துப் பார்ப்பதோடு சரி.

கடைசிக் காட்சியில் பார்வை போன ஈடிபஸ் தன் இரண்டு பெண் குழந்தைகளைத் தடவிப் பார்த்து அழுகிறான். கிரியோன் அவர்களைப் பிரிக்கிறான். படம் முடிந்ததும் சித்தி கேட்டது ஒரே கேள்வி: “அந்தப் பிள்ளைங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?”

மூத்தவள் ஆன்டிகனி. பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்புப்படி, அவள் கதையை சோஃபக்ளீஸ் இதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே எழுதி மேடையேற்றியிருந்தார். ஏதென்ஸின் படிகளில் இருந்தவர்கள் அந்தக் குழந்தைகளைப் பார்த்தபோது, என்ன ஆகும் என்று தெரிந்தே பார்த்தார்கள். அன்றிரவு சித்திக்கு அந்தக் கதையையும் சொன்னேன்.